மூடியிருந்த மிருகக்காட்சிசாலை

உலகத்தில் எழுதப்பட்ட எதையும் பாதியாக வெட்டலாம். வெட்டிய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம்கூட வராது. கல்லூரி நகைச்சுவை இதழின் ஆசிரியன் கண்டுபிடித்து உலகுக்கு அளித்த பேருண்மை இது. விதிவிலக்காக அவனுடைய எழுத்து மட்டும் இருந்தது. நண்பர்கள் அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று மதியம் கத்திரி, அண்ணனின் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அண்ணனின் மடிக்கணினியில், அண்ணனின் வலைப்பதிவு வரைவை வெட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, மூணு பத்தி ஆச்சு. இன்னும் பார்க்கிங்லயே நிக்கிற.”

“இடம் நிறைய இருந்துச்சுடா.” அண்ணனுக்கு இப்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. “எங்க நிறுத்துறதுன்னே தெரியல.”

“அதுக்காக ஸ்கூட்டரை மரத்துக்கு மரம் மாத்தினதெல்லாம் எழுதணுமா? மிருகம் எப்ப வரும்?”

“வராது.”

“ஏன்?”

“மூடியிருந்துச்சு. அன்னிக்கு விடுமுறை.”

கத்திரி திரையைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தான். மனைவியுடன் மிருகக்காட்சிசாலை சென்றுவந்த அனுபவம் என்று தலைப்பு. உள்ளே பூட்டிய கேட், சிமெண்ட் பெஞ்சு, பாதி பிஸ்கட் பாக்கெட், சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரே ஒரு தடவை சிங்கத்தின் கர்ஜனை, பிறகு வீடு.

“மூடின ஜூவுக்கு எதுக்குண்ணே ஒரு பதிவு? பார்க்கிங் காலியா கிடந்தப்பவே சந்தேகம் வரல?”

“உங்கண்ணிக்கு வந்துச்சு. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்லல.”

“சிங்கம்னு எழுதியிருப்பாரே, அது சிங்கம் இல்ல தம்பி, ஜெனரேட்டர்!” சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“சிங்கம்தான்டா,” என்றான் அண்ணன் தாழ்ந்த குரலில்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவன். எழுத்தில் மட்டும் தரைத்தளத்தைத் தாண்டவில்லை. அவன் வலைப்பதிவை யாரும் படித்ததில்லை, ‘மேல்மாடி ரசிகன்’ என்ற ஒருவரைத் தவிர. பதிவு வந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த ரசிகர் வந்து, ‘அருமை!!! தொடர்ந்து எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ரசிகர் இதே வீட்டுக் குளியலறைக்குள் மடிக்கணினியைக் கொண்டுபோய்த் தட்டச்சு செய்பவர் என்பதைப் போன வருடம் கத்திரி கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தான்.

“காக்கா தன் குஞ்சைப் பொன்குஞ்சுன்னு சொல்லட்டும், சரி. அதுக்காகப் பக்கத்து மரத்துல போய் உக்காந்து குரலை மாத்திக் கத்தணுமா? அதுல மூணு ஆச்சரியக்குறி வேற! அப்படி என்னண்ணே அதிசயம் நடந்துபோச்சு?”

அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அண்ணன்தான். அதன்பின் ரசிகர் வரவில்லை. “இனிமே நீ பாத்து ஓகே சொன்னாத்தான் போடுவேன்,” என்றான் அண்ணன். கத்திரி எதற்கும் ஓகே சொல்லவில்லை. வரைவுகள் வெளிவராமலே கிடந்தன. அதற்குள் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ‘வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவமனையும் கையை விரித்துவிட்டது.

“இதையாவது இன்னிக்கே போட்ருடா,” என்றான் அண்ணன். “வெளிய வந்ததைப் பாக்கணும்.”

“போடலாம். வெட்டிட்டு வந்து படிச்சுக் காட்டுறேன்.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். கத்திரி மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசைக்குப் போனான். பார்க்கிங் போனது. மரங்கள் போயின. தண்ணீர் பாட்டிலின் மூடி உருண்டோடிய கதையும் அதை அண்ணி துரத்திப் பிடித்ததும் போயின. உறுதிப்படுத்த முடியாத தகவல் என்பதால் சிங்கமும் போயிற்று. மிஞ்சியது ஐந்தாறு வரி. இதழில் ஓரமாகப் போட்டால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடு கட்டிலுக்குத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்துக் காட்டினான்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன, பிடிக்கலையா?”

அண்ணனின் மௌனம் கத்திரிக்குப் பழக்கமானதுதான். பிடிக்காததற்கெல்லாம் அவன் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான்.

“சரி, பாட்டில் மூடி வரியை வேணா வச்சுக்கலாம். அது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு.”

ஜன்னல் திரை உள்ளே உப்பி அடங்கியது.

“சரிண்ணே, ஒரு மரம். ஒரே ஒரு மரம் இருக்கட்டும். ரெண்டாவது மரத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.”

அண்ணி டம்ளரோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“நீங்களே சொல்லுங்க அண்ணி. எவ்வளவு இறங்கி வர்றேன், பிடிவாதத்தைப் பாருங்க. சரி, ரெண்டு மரத்தையும் வச்சுக்க. பார்க்கிங்கையும் வச்சுக்க. போதுமா?”

அண்ணி டம்ளரைத் தரையில் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் மார்பில் கையை வைத்தாள். கையை எடுக்கவே இல்லை.

“தம்பி,” என்றாள், “படிச்சது போதும்.”

அதன்பிறகு வீடு நிறைய ஆட்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது, அண்ணனோடு வேலை பார்த்தவர் கத்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“உங்கண்ணன் என்னமோ எழுதுவாப்ல. லிங்க் அனுப்புவாப்ல. வேலை நேரத்துல எங்க திறந்து பாக்குறது? நல்லாருக்குமா தம்பி?”

எதைப் பற்றியும் கையோடு ஒரு கருத்து வைத்திருப்பவன் கத்திரி. இதற்கு மட்டும் வெகுநேரம் யோசித்தான்.

“நீளமா இருக்கும்.”

வந்தவர்களெல்லாம் மறுநாள் போய்விட்டார்கள். அண்ணி கட்டிலை வெறுமையாக்கிக்கொண்டிருந்தாள். விரிப்பை மடித்துவிட்டுத் தலையணையிலிருந்து உறையை உருவினாள்.

“அதைப் போட்டாச்சா தம்பி?”

“இல்ல அண்ணி.”

“சிங்கம் இருக்கா அதுல?”

“எடுத்துட்டேன். நீங்கதான ஜெனரேட்டர்னு சொன்னீங்க.”

அண்ணி உறையை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள்.

“சிங்கம்தான்,” என்றாள்.

கத்திரி சாப்பாட்டு மேசைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தான். தன்னுடைய ஐந்தாறு வரிகளை அழித்துவிட்டு, அண்ணனின் பழைய வரைவை எடுத்தான். முழுவதையும் படித்தான். மரத்துக்கு மரம் ஸ்கூட்டர் நகர்ந்தது. மூடி உருண்டது. எழுத்து மோசமாகத்தான் இருந்தது. ஒரே இரவில் அது ஒன்றும் நன்றாக ஆகிவிடவில்லை. பல இடங்களில் கை துறுதுறுத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை படித்துவிட்டு, அப்படியே வெளியிட்டான்.

பதிவு வெளிவந்தது. கீழே, கருத்துகள் எதுவும் இல்லை என்றிருந்தது. உள்ளறையில் அண்ணி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

கருத்துப் பெட்டியின் மேல் அழுத்தினான். பெயர் கேட்கும் இடத்தில் மேல்மாடி ரசிகன் என்று தானாகவே வந்து நின்றது. அதை அவன் மாற்றவில்லை.

‘அருமை!!! தொடர்ந்து எழுதுங்கள்’ என்று அடித்தான். அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்த்தான். ஆச்சரியக்குறிகள் மூன்றும் இருந்தன.