தெருபோக் சினையும் மூன்று நாட்டு ஒற்றுமையும்

1

அண்டை நாடுகளின் பொருளாதார ஒருங்கிணைப்பு வரலாறு பற்றி ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'சுங்கவரிக் கொள்கைகளை நோக்குமிடத்து' என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது. கதையாக்கிவிட்டேன். ஆசிரியர் முகம் சுளிக்கட்டும்.

2

1963. மலாயா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தலைவர்கள் மணிலாவில் கூடி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். அடுத்த மாதமே மலேசியா பிறந்தது, இந்தோனேசியா அதை ஏற்கவில்லை, குடும்பம் உடைந்தது, இந்தோனேசியாவின் சுமத்ராவோடு நடந்த வணிகம் நின்றது. (வரலாறு முடிந்தது. இனி மீன்.)

3

மலாயாவின் மேற்குக் கரையில் காஜா பெராங், அதில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பு. தெய்வானையின் கணவர் ஏகாம்பரம் அந்த ஆண்டுதான் இறந்தார். நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த இந்தச் செட்டிகள் போகியன்று இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். ஏகாம்பரத்துக்குப் பிடித்தது உப்பிட்ட தெருபோக் மீன் சினை. சுமத்ராக் கரையிலிருந்து படகில் வரும். படுக்கையில் கிடந்தபோதும் அதைத்தான் கேட்டார். டாக்டர் உப்பைத் தடுத்திருந்தார். "போகிக்கு வைக்கிறேன்" என்று தெய்வானை வாக்குக் கொடுத்து

(அழுகைக் காட்சிக்குப் போகிறேன் பாருங்கள். நிறுத்திவிட்டேன்.)

4

ஏகாம்பரத்தோடு துறைமுகத்தில் வேலை செய்த பூங்காவனம் வந்தார். (தெய்வானைக்குத் தமிழ் தெரியாது; செட்டிகள் வீட்டுமொழி மலாயாகித் தலைமுறைகள் ஆயிற்று. இருவரும் பேசியது மலாய். தமிழ்க் கதைக்கு இப்படியொரு நாயகியைப் பிடித்த என் சாமர்த்தியத்தை மெச்சுங்கள்.)

"அக்கா, கள்ளப் படகு ஒண்ணு வருது. சொன்னா சினை கொண்டாந்துருவேன்."

"புடிச்சா?"

"ஜெயிலுதான். ரெண்டு நாட்டுக்காரனும் போடுவான். அதுல மட்டும் ஒத்துமை."

"ஒன் பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா? வேணாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

5

முடிவு ஒன்று: பூங்காவனம் சொல்லாமலே கொண்டுவருகிறார். (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: அவள் உள்ளூர் மீன் சினையை வைத்துச் சமாளிக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். "அவருக்கு வாசனை தெரியும்" என்று மறுத்துவிட்டாள்.)

6

போகியன்று கோழி, இறால், பலகாரம் எல்லாம் பரிமாறினாள். இலையில் ஒரு மூலை காலி. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது, மூன்று நாடுகள் மீதும்.

"அபாங், வாக்கு தவறிட்டேன்" என்றாள் கணவரிடம். "உங்ககிட்ட யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க. நீங்களே கடலைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுக்குங்க. ஆனா திரும்பி வந்துடணும்."

இறந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தாள். நேரமாகிறது. மறுபடி உள்ளே போகுமுன் கதவைத் தட்ட வேண்டும்; தட்டினால் விருந்து முடிந்ததென்று இறந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவளுக்குக் கை எழவில்லை. எனக்கும்தான்.

நீங்கள் தட்டுங்கள்.