பெருந்தமனியில் ஒரு கிழிசல்

அண்ணன் எக்கோ அறைக்குள் வந்தபோது ஓட்டுநர் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. காலையில் முதல் நடை பேருந்தை ஓட்டி முடித்ததுமே, தோள்பட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகியதுபோல் வலித்திருக்கிறது. ஸ்டியரிங் பிடித்த வலிதான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். டிப்போ மேலாளர் கேட்கவில்லை, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஈசிஜியில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. "எதுக்கும் தங்கச்சிகிட்ட ஒரு எக்கோ எடுத்துட்டு வந்துடுங்க" என்றார் அவசரப் பிரிவு டாக்டர்.

தங்கை பதினெட்டு வருடங்களாக அந்த அறையில் இதயங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பார்ப்பதோடு சரி. என்ன தெரிந்தது என்று நோயாளியிடம் சொல்லும் வேலை டாக்டருடையது.

"சட்டையைக் கழட்டிட்டு இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுண்ணா."

"நாப்பத்தஞ்சு வயசாகியும் உன் அதிகாரம் குறையல, குட்டி."

அவள் கருவியை அவர் மார்பில் வைத்து அழுத்தினாள். அண்ணன் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார்.

"இதுவா என் இதயம்? தவளை மூச்சு விடற மாதிரில்ல இருக்கு."

"அதேதான். உடம்பெல்லாம் சுத்தின ரத்தம் வலப்பக்கம் வருது. நுரையீரலுக்குப் போய் காத்து வாங்கிட்டு இடப்பக்கம் திரும்புது. இந்தக் கீழறைதான் அதைத் திரும்ப உடம்பு முழுக்கத் தள்ளுது."

"லீவே கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப எங்க டிப்போவே தேவல."

சிரித்துக்கொண்டே கருவியைத் தொண்டைக்குழிப் பக்கம் நகர்த்தியவள் அப்படியே நின்றாள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, இருக்கவேண்டியதைப் போல் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. அதற்குள் மெல்லிய நூல் ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் கொடியில் காயும் துணிபோல் ஆடியது. நூல் அல்ல அது. குழாயின் உட்சுவர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் சுவரின் அடுக்குகளுக்குள் புகுந்து, துடிக்கத் துடிக்க அதை மேலும் உரித்துக்கொண்டே போனது. துடிக்காதே என்று இதயத்திடம் சொல்ல முடியுமா?

"என்ன, வாயடைச்சுப் போயிட்ட?"

"ஒண்ணுமில்ல. எந்திரிக்காம படு."

இடது கையால் போனை எடுத்து இதய டாக்டரை அழைத்தாள். அவர் வந்து திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வெளியே போய் நாலைந்து பேரிடம் போனில் பேசினார். இந்த அறுவைச் சிகிச்சைக்கு அங்கே வசதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரி நாற்பது நிமிடத் தொலைவில் இருந்தது. ரத்த அழுத்தத்தைக் குறைக்க மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸில் படுக்கவைத்தார்கள். ஒரு நர்ஸும் கூட ஏறினாள். தங்கை அண்ணனின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"பிரேக்க இப்படி மிதிச்சா படுத்திருக்கறவன் என்னாவான்?" என்று அண்ணன் ஓட்டுநரைக் குறை சொன்னார். பாலத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. சைரன் அலறிக்கொண்டே இருந்தது. வண்டி ஓரடி நகரவில்லை.

"குட்டி, டாக்டர் போன்ல பேசினது காதுல விழுந்துது. எங்க கிழிஞ்சிருக்கு?"

"இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய குழாய்ல."

"தைச்சிடுவாங்களா?"

"தைச்சிடுவாங்க."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்கும்ணா" என்றாள்.

அவள் விரல்களுக்கடியில் வலது கை நாடி மெலிந்தது, பிறகு இல்லாமல் போனது. இடது கையில் மட்டும் துடித்தது. கிழிசல் வலது கைக்குப் போகும் கிளையை எட்டிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. நர்ஸிடம் கண்ணால் காட்டினாள். நர்ஸ் மருந்தின் வேகத்தைச் சரிபார்த்தாள். வேறென்ன செய்வாள்?

முன்னால் வண்டிகள் மெல்ல ஒதுங்கத் தொடங்கியபோது அண்ணன், "முதுகுக்குள்ள என்னமோ கீழ இறங்குது" என்றார். அவர் கண்கள் மேலே செருகின. இடது நாடியும் நின்றது. மானிட்டரில் இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும் கோடு மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸும் அவளும் மாறி மாறி மார்பை அமுக்கினார்கள். குழாய் வெடித்து, இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ரத்தம் நிறைந்திருக்கும்; உள்ளே விரியவே இடமில்லாத இதயத்தை எவ்வளவு அமுக்கினாலும் ஒரு சொட்டுகூட மேலே ஏறாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அமுக்கினாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஒருவர் அவள் தோளைத் தொட்டு நகர்த்தும்வரை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து அண்ணி வந்து சேர்ந்தாள், பழைய மருந்துச் சீட்டுகள் அடங்கிய ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. சேதியைக் கேட்டுவிட்டு ஃபைலோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீதானே எக்கோ எடுத்த? அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணி."

"தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியலையா?"

குற்றம் சாட்டும் குரல் அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"முடியல அண்ணி."

உள்ளேயிருந்து ஒருவர் வந்து, கையெழுத்துப் போட வீட்டாள் யாராவது வரவேண்டும் என்றார். அண்ணி எழ முயன்றாள். தங்கை அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.