கர்னல் தாக்கரைச் சுமந்த ஆப்பிள் மரம்

கர்னல் ஆரின் தாக்கர் உண்மை பேசினால் அவர் நிற்கும் மரக்கட்டை துளிர்க்கும். இண்டியானாவின் ஹார்லன் கிராசிங் ஊரார் இதை மழை நிலவரம் போலத்தான் பேசிக்கொள்வார்கள். அந்த நாளில் ஓட்டுக் கேட்கிறவர்கள் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் ஏறி நின்று பேசுவது வழக்கம். நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது, இடி விழுந்து பட்டுப்போன ஆப்பிள் மரத்தின் கட்டை. உள்நாட்டுப் போருக்கு முன்பு, இளம் வக்கீலாக அவர் முதன்முதலில் அதில் ஏறியபோது, "சுங்க வரியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றார். அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு இலைகள் எட்டிப் பார்த்தன. அடுத்து ஏறியவர் பொழுது சாயும்வரை முழங்கினார். கட்டை கட்டையாகவே இருந்தது.

பிறகு மாநில சட்டசபை, போர், டென்னஸியில் முழங்காலில் பாய்ந்த குண்டு. நொண்டிக்கொண்டே ஊர் திரும்பியவர் ஏழைகளின் வழக்குகளை எடுத்தார், ஆப்பிள் ஜாமைக் கூலியாக வாங்கிக்கொண்டார், ஞாயிறு தவறாமல் தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தார். அவ்வப்போது கட்டை துளிர்க்கும். ஆடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அவர் நின்ற வருடம்தான் சோதனை வந்தது. எதிர்த்து நின்றவர் ஏமஸ் விக்லிஃப், மாவு மில்காரர், கர்னலின் படையிலேயே இருந்தவர். அவர் போர்க்களத்தை விட்டு ஓடிய கோழை என்று கர்னலின் கட்சிக்காரர் பர்டெட் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். விக்லிஃபின் மில்லுக்குச் சோளம் வருவது நின்றது. தேவாலயத்தில் அவர் குடும்பத்தின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"நீங்க பொய் சொல்ல வேணாம் கர்னல்," என்றார் பர்டெட். "சும்மா இருங்க, போதும். ஜெயிச்ச மாதிரிதான்."

கடைசிக் கூட்டத்துக்கு மூன்று மாவட்டத்து ஜனங்கள், வண்டி கட்டி, வறுத்த கோழியோடு வந்திருந்தார்கள். கர்னல் ரயில் பாதை பற்றிப் பேசினார். துளிர் வந்தது. பாலம் பற்றிப் பேசினார். இன்னொன்று வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் விக்லிஃப் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தார். நோட்டீஸைப் பற்றிக் கர்னல் ஒன்றும் சொல்லாமல் நின்றார். வந்த இலைகள் ஓரம் கருகத் தொடங்கின.

கர்னல் மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்துகொண்டார்.

"ஏமஸ் ஓடினது நிஜம்தான்," என்றார். "என்னை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினான். நான் வழியெல்லாம் அம்மா அம்மான்னு கதறினேன். யார்கிட்டயும் சொல்லாதடான்னு கெஞ்சினேன். மில்லு படுத்தப்பகூட அவன் வாயத் திறக்கல."

கட்டை விரிந்தது. அடிமரம் திரண்டு, கிளைகள் பிரிந்து, கர்னலைத் தூக்கிக்கொண்டு நீதிமன்ற மணிக்கூண்டு உயரத்துக்குப் போய் நின்றது. அக்டோபரில் பூத்து, அப்போதே காய்த்தது. தலையில் ஆப்பிள் விழுந்த பர்டெட், "போச்சு, எல்லாம் போச்சு!" என்று தொப்பியைக் கசக்கினார்.

விக்லிஃப் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "டேய் ஆரின்! சொல்லாதன்னு அழுததும் நீ, இப்ப ஊரக் கூட்டிச் சொல்றதும் நீ. உனக்காக வாயக் கட்டிக்கிட்டு கிடந்தேனேடா!"

"மொதல்ல ஏணி கொண்டாடா. அப்புறம் திட்டு."

ஏணி பாதி தூரம்தான் எட்டியது. மீதி தூரத்தை விக்லிஃப் கிளை பிடித்து ஏறினார். கர்னலின் கால் மடங்காது என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் முதுகைக் காட்டினார். "கனத்துட்டடா," என்று முனகிக்கொண்டே, எல்லோரும் பார்க்க, அவரைச் சுமந்து இறங்கினார். முதலில் தொப்பியைக் கழற்றியவர்கள், மில்லுக்குச் சோளம் கொண்டுபோவதை நிறுத்தியவர்கள்தான்.

விக்லிஃப் ஜெயித்தார். கர்னல் வக்கீலாகவே இருந்தார், நன்றாகத் தூங்கினார். காங்கிரஸ் விடுமுறையில் விக்லிஃப் ஊருக்கு வரும்போதெல்லாம் இருவரும் அந்த நிழலில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கித் தின்றார்கள். பழம் இனிப்புதான், கொஞ்சம் புளிப்பு. பின்னால் ஓட்டுக் கேட்க வந்தவர்களுக்குக் ஊர் ஜனங்கள் வேறொரு மரத்தின் கட்டையைத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு, வண்டி மேல் நின்றே பேசினார்கள்.