முழுக் கவனத்துடன் வாசிக்கப்பட்டது

நாட்டுக்கு விடுதலை ஏன் வந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தைப் புரட்டினால் ஏழு காரணம் இருக்கும். உப்புக்கு வரி, துணிக்கு வரி, கப்பல் சட்டம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யத் தோதாக வரிசை போட்டிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஏழு காரணத்தையும் ஜனங்கள் எழுபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள். அந்தப் பொறுமை எந்தக் கிழமையில், எந்த ஜன்னலுக்கு முன்னால் தீர்ந்தது என்று புத்தகம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமானால் மனுக்காரரிலிருந்து தொடங்க வேண்டும்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் அவருடைய மேசை. ஆள வந்தவர்களின் மொழியில் எழுதினால்தான் மனு. நம் மொழியில் எழுதினால் குப்பை. அந்த மொழியைத் தப்பில்லாமல் எழுத ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. எழுதினால் மட்டும் போதாது. தடித்த அட்டைக்குள் தாள்களை வைத்து, மூன்று துளை போட்டு, பச்சை நூலால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் குமாஸ்தா கையால்கூடத் தொடமாட்டார். மனுக்காரர் ஏழு சுற்று முடிச்சுப் போடுவார். கத்தி வைத்து அறுத்தால் ஒழிய அவிழாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பத்தொன்பது வருஷம் இப்படி எழுதினார். பதில் வரும். எல்லாம் மறுப்புத்தான். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து அதை வாசித்து அர்த்தம் சொல்வார். வாசகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அரசாங்க நடை அப்படித்தான் இருக்கும் என்று அவராக ஒரு சமாதானம் வைத்திருந்தார். மூன்றாம் வருஷம் மீன் சந்தைத் தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம் வந்தது. அது தன் மனுவுக்குக் கிடைத்த வெற்றி என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு முறை கூட்டம் கல்லைக் கையில் எடுத்தபோது இவர்தான் நடுவில் போய் நின்றார். அவர்கள் படிக்கிறார்கள், படிக்கிறவன் ஒருநாள் மனம் மாறுவான், பொறுங்கள் என்றார். ஜனங்களும் கல்லைக் கீழே போட்டார்கள்.

பொறுக்க மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார். துறைமுகச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினான். அதில் இருந்தது மூன்றே வார்த்தை: மனு எழுதியது போதும். மனுக்காரருக்கு அது தன் பிழைப்பின் மேல் காறித் துப்பியது போல இருந்தது. ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவனைப் பிடித்துப் போய்விட்டார்கள். ராஜத் துரோகம், தூக்கு, வெள்ளிக்கிழமை என்று நீதிமன்றம் சொன்னது. மூன்று வார்த்தைக்கு ஓர் உயிர்.

மனுக்காரர் கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கருணை மனு எழுத உட்கார்ந்தார். மூன்று நாள், நாலு தாள். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்றை எழுதியதில்லை. திங்கட்கிழமை காலை கட்டி, முடிச்சுப் போட்டு, ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தார். தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று மனைவியிடம் துணிந்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி மேசையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, தம்பியப் பாக்கப் போறப்ப கொண்டு போக வேண்டியத எழுதி வச்சிருந்தேனே, அந்தத் தாளுங்களப் பாத்தீங்களா?”

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மை கொட்டியோ பிழை விழுந்தோ மனுக்காரர் ஒதுக்கும் தாள்களின் பின்பக்கத்தில்தான் அவள் எதையும் எழுதுவாள். முன்பக்கம் ‘மாட்சிமை தங்கிய ஆளுநர் அவர்களுக்கு’ என்று அவர் கையெழுத்தில் இருக்கும். பின்பக்கம் சோப்பு, சீப்பு என்று அவளுடைய பட்டியல் இருக்கும். அவர் எழுந்துவந்து மைப் புட்டிக்கு அடியிலிருந்த தாள்களை எடுத்தார். நாலு தாள், அடித்தல் திருத்தல் இல்லாத நாலு தாள். கருணை மனு வீட்டிலேயே இருந்தது.

அப்படியானால் முடிச்சுக்குள் போனது எது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் திட்டவில்லை, அழக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“கெளம்புங்க. இன்னும் பிரிச்சிருக்க மாட்டாங்க. மாத்திக் குடுத்துரலாம்.”

ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஜன்னலுக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். மனுக்காரரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே குமாஸ்தா ஓர் உறையை நீட்டினார்.

“உங்க மனுவுக்குப் பதில் வந்தாச்சு.”

அவர் அங்கேயே நின்று பிரித்து வாசித்தார். தன் கண்ணையே நம்ப முடியாமல் மறுபடி வாசித்தார். தாங்கள் அளித்த கருணை மனு முழுக் கவனத்துடன் வாசிக்கப்பட்டது. அதில் கூறப்பட்ட ஒவ்வொரு காரணமும் தனித்தனியே சீர்தூக்கிப் பார்க்கப்பட்டது. ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். கீழே மூன்று கையெழுத்து.

“ஐயா, இத யாரு படிச்சது?”

“மூணு பேர் குழு. நேத்து முழுக்க உக்காந்து படிச்சாங்க.”

“உள்ள என்ன எழுதியிருந்துச்சு?”

“என்னங்க கேள்வி இது? உங்க மச்சினனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு எழுதியிருந்தீங்க.” குமாஸ்தாவின் முகத்தில் கள்ளமே இல்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். இன்னொரு மனு கொடுக்க வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து வரலாம் என்றும் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை தூக்கு. ஆறு மாதம் கழித்து மனு. மனுக்காரர் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து அந்தத் தெரு கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. பதிலை நம் மொழியில் சொல்லி, ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தார். பிறகு, தான் தவறான தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டதாகவும், உள்ளே மனுவே இல்லையென்றும் சொன்னார். என்னதான் இருந்தது என்று யாரோ கேட்டார்கள். மனைவி படியில் ஏறி நின்றாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

“கம்பளிச் சட்டை ஒண்ணு. இடது தோள்ல கிழிசல், தைக்கணும். சோப்பு அரைக் கட்டி. மூக்குக் கண்ணாடி ஒடஞ்சிருந்தா பழசக் கொண்டு போகணும். கடவாப் பல்லு வலி நின்னுச்சான்னு கேக்கணும்.”

பல்வலிக்கு இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒவ்வொரு காரணமும் சீர்தூக்கிப் பார்க்கப்பட்டது. கம்பளிச் சட்டையை மூன்று பேர் உட்கார்ந்து சீர்தூக்கினார்களாம்.

வரிசையில் இருந்த சலவைக்காரி மடியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தாள். எரிந்துபோன குடிசைக்கு அவள் நிலம் கேட்டதற்கு நாலு வருஷம் முன்பு வந்த பதில். அதை வாசிக்கச் சொன்னாள். முழுக் கவனத்துடன் வாசிக்கப்பட்டது. அடுத்து கொத்தனார் நீட்டினார். அதற்கும் அடுத்து படகு ஓட்டுபவர். பத்தொன்பது வருஷமாகத் தனித்தனியே கேட்ட பதிலை ஜனங்கள் அன்றுதான் ஒரே இடத்தில் நின்று கேட்டார்கள். ஏழாவது உறையில் மனுக்காரர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து வரிசையே அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தது.

“அப்ப எங்க மனுவ யாருமே படிக்கலையா?” என்று கொத்தனார் கேட்டார்.

“படிச்சவன் நான் ஒருத்தன்தான்,” என்றார் மனுக்காரர்.

வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று யாரும் கல்லெடுக்கவில்லை. கையிலிருந்த மனுக்களை மூடிய ஜன்னலுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, சிறைச்சாலையை நோக்கி நடந்தார்கள். போகப் போகக் கூட்டம் சேர்ந்தது. மறுநாள் சிறைவாசலில் ஊரே நின்றது.

கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோன ஆள வந்தவர்கள் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை நண்பகல் சிறைக்குள் மணி அடித்தது. தோளைத் தைத்த கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி வாசல் காவலனிடம் பேசிக்கொண்டிருந்தாள். மணி எதற்கு என்று அவனைத்தான் கேட்டாள். அவன் நம்மூர்க்காரன். தொப்பியைக் கழற்றினான். மூன்றாம் நாள் துப்பாக்கியையும் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

அதற்கப்புறம் நடந்ததைப் பாடப்புத்தகம் ஒழுங்காகவே சொல்லியிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை இறக்க ஆளில்லை. வரி கட்ட ஆளில்லை. செயலகத்துக் குமாஸ்தாக்கள் வேலைக்குப் போகவில்லை; ஜன்னல் குமாஸ்தாவும் போகவில்லை. சுட்டார்கள், ஜனங்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள். பதினெட்டாம் மாதம் கடைசிக் கப்பல் கிளம்பியது.

செயலகத்தின் கதவு திறந்த வாரத்தில், அந்தத் தாள் தனக்கு வேண்டும் என்று மனைவி கேட்டாள். இருவரும் ஆவண அறைக்குப் போனார்கள். தரையிலிருந்து கூரை வரை அலமாரி. அலமாரி நிறைய அட்டைகள், அட்டை நிறையப் பச்சை நூல். மனுக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். ஏழு சுற்று. ஏழு சுற்று. ஒன்றுகூட அறுபடவில்லை. விளக்குக் கம்பத்துக்கு எழுதிய மனுவும் கட்டியது கட்டியபடி இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைத்தான் அவர் பதினாறு வருஷம் கொண்டாடியிருக்கிறார். தெரிந்ததுதான், தெரிந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தேதியைப் பார்த்து அவளே தேடி எடுத்தாள். அவர் பேனாக் கத்தியால் தன் முடிச்சை அறுத்தார். இரண்டு தாள். முதல் தாளில் சட்டை, சோப்பு, கண்ணாடி, பல்வலி. இரண்டாம் தாளை அவள் சட்டென்று மடிக்கப் பார்த்தாள். அன்று படியில் நின்று அவள் சொல்லாமல் விட்டது அது என்று அவருக்குப் புரிந்தது. கையை நீட்டினார். கொடுத்தாள்.

“தம்பி, அத்தான் மேல கோபப்படாத. மூணு நாளாச் சரியாச் சாப்பிடாம உனக்காக எழுதிக்கிட்டிருக்காரு. அவர் எழுத்த ஒரு தடவ வாசிச்சாங்கன்னா உன்ன விட்டுருவாங்க.”

மனுக்காரர் அதை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி வாசித்தார்.