எல்லாம் புல்லாவே இருக்கு

1
இந்தக் கதை என் சாப்பாட்டு மேஜையில் பிறந்தது. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நகமளவு மெமரி கார்டு ஒன்று கிடக்கிறது. கழிமுகத்தில் நீர்நாய் கணக்கெடுக்கும் என் தங்கை வைத்துவிட்டுப் போனது.

"நீயே பாரு. என்னால முடியாது."

நானும் பார்க்கவில்லை. கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு வேலையைத் தட்டிக்கழிக்க எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

2
'கழிமுகத்தின் கடைசி நீர்நாய் அன்று காலை...'
(அடித்துவிட்டேன். கடைசி என்று யார் சொன்னது?)

'துறைமுகச் சாலைக்கு மண் கொட்ட வந்த லாரிகள்...'
(இதுவும் வேண்டாம். லாரிக்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகிவிடுவேன்.)

நடந்ததையே சொல்கிறேன். கரையில் ஒரு வளை. உள்ளே தாயும் குட்டிகளும் இருப்பதாகத் தங்கை சொன்னாள். படம் காட்டினால் அங்கே சாலைக்கு மண் கொட்டுவதை நிறுத்துகிறோம் என்றது வனத்துறை அலுவலகம். எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கும் கேமராவை அவள் மரத்தில் கட்டினாள்.

அப்படிக் கட்டுகிறவர்கள் முதலில் முன்னால் இருக்கும் புல்லை வெட்டிவிடுவார்கள். அவள் வெட்டவில்லை. குட்டிகளுக்கு மறைப்பு போய்விடுமே என்ற கரிசனம். புல் காற்றில் ஆடியது. கேமரா புல்லையே எடுத்துத் தள்ளி, கார்டு நிரம்பிவிட்டது.

3
(அதிகாரியை முதலில் தொப்பையும் ஏளனச் சிரிப்புமாக எழுதினேன். பொய். ஒல்லியான மனிதர், தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தவர்.)

"எல்லாம் புல்லாவே இருக்கேம்மா."

"உள்ள இருக்கு சார். எச்சம்கூடப் புதுசா கெடந்துச்சு."

"இருக்கலாம்மா. மேலிடத்துல நான் எதைக் காட்டுறது, இந்தப் புல்லையா?"

மண் கொட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். தங்கை அன்றே ஓடிப்போய்ப் புல்லை வெட்டி, புதுக் கார்டு போட்டுவிட்டு வந்தாள். அடுத்த முறை போனபோது வளை இருந்த இடத்தில் மண்மேடு. அதன்மேல் ரோலரும் ஓடியிருந்தது. கேமரா மட்டும் மரத்தில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து எடுத்த கார்டுதான் என் மேஜையில் கிடப்பது.

4
முடிவு அ: லாரியையும் ரோலரையும் தவிர கார்டு காலி. அதாவது, புல் போனதும் தாய் மிரண்டு, குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டது.

முடிவு ஆ: லாரி வரும்வரை அவை அங்கேயே இருந்தன. ஒரு குட்டி கேமராவை மோந்து பார்க்கிறது. அலுவலகம் கேட்ட அதே படம். அதன் மீசையில் ஒரு மீன் செதில்...

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

நீர்நாயைப் பார்த்துவிட மாட்டோமா என்றே இத்தனை வருடம் சேற்றில் அலைந்தவள், இப்போது ஒன்றும் தென்படக் கூடாதே என்று தவிக்கிறாள்.

5
இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் செய்தாள்.

"பாத்தியா அண்ணா?"

"இன்னும் இல்லம்மா."

"காலியா இருந்தா உடனே சொல்லு."

"இல்லன்னா?"



"இல்லன்னா என்ன... நீதான் நல்லாப் பொய் சொல்லுவியே."

இனிமேல் நான் 'காலி' என்று சொன்னாலும் நம்ப மாட்டாள். அதனால் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையை உங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

காலியாக இருந்தால் உடனே சொல்லுங்கள்.