இறங்கிய பிரஷர்

மரியலூர்து ஆஸ்பத்திரிக் கட்டிலின்மேல் குனிந்து, "நான் யாரு?" என்று மறுபடியும் கேட்டார். காலையில் "காபி ஆறிப்போச்சு" என்று கோபித்துக்கொண்ட அவர் மனைவி ஜெயமேரி, பத்து மணிக்கு அவர் பெயரைச் சொல்லத் தெரியாமல் முழித்தாள். வலது கை போட்டது போட்டபடி கிடந்தது.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து அன்றோடு ஏழு நாள். செய்தவர் டாக்டர் தில்லையம்மாள், வயது அறுபத்தெட்டு. ஆபரேஷன் பாதி வேலைதான், அடுத்த இரண்டு வாரம் மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதுதான் மீதி என்று அந்தம்மா இளவயதில் சொன்னபோது பெரிய டாக்டர்களெல்லாம் சிரித்தார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, நோயாளிகளின் நெற்றிப்பொட்டில் ரத்த ஓட்டம் காட்டும் கருவியை வைத்து முப்பது வருஷம் நாள் தவறாமல் அளந்தார். ரத்த ஓட்டம் எந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்து என்று அவர் கண்டு சொன்னதை வெளிநாட்டிலும் படிக்கிறார்கள் என்று நர்ஸ் சத்யப்பிரியா பீற்றிக்கொள்வாள்.

இப்போது அதே கருவி ஜெயமேரியின் நெற்றிப்பொட்டில் இருந்தது. டாக்டரின் முகம் இறுகியது.

"ரத்தக்குழா சுருங்கியிருக்கு. அது எதிர்பார்த்ததுதான். பிரஷர் ஏன் எறங்குச்சு? நூத்தி அறுபதுல வெச்சிருந்தேனே! சத்யா, என்ன மருந்து போச்சு?"

"நீங்க எழுதுனதுதாம்மா. வேற ஒண்ணும் குடுக்கல."

"உள்ளயே மறுபடி ரத்தம் கசியுதோ? அப்படின்னா பிரஷரை ஏத்தக் கூடாது. முதல்ல ஸ்கேனுக்குத் தள்ளுங்க."

மரியலூர்துவின் கை சட்டைப்பையைத் தடவியது. முதுநகர் துறைமுகத்தில் போட் இன்ஜின் பார்க்கிற மனுஷர். வீட்டில் ஜெயமேரியின் பிரஷர் மாத்திரைக்கு அவர்தான் பொறுப்பு. முந்தாநாள் மானிட்டரில் நூற்று அறுபதைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இதைக் கண்டுகொள்ள ஆளில்லையா என்று பொருமி, நேற்றும் இன்றும் காபியோடு மாத்திரையைக் கொடுத்துவிட்டார். பெரிய டாக்டர் இவர்!

சொன்னால் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தவன் என்பார்கள். சொல்லாமல் விட்டால் உண்மையிலேயே கொன்றவனாகிவிடுவார். கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"அம்மா, நிறுத்துங்கம்மா. நாந்தாம்மா..." மாத்திரை அட்டையை நீட்டினார். "பிரஷர் ஜாஸ்தியா இருக்கேன்னு குடுத்துட்டேன்."

"எத்தினி? எப்ப?"

"நேத்து ஒண்ணு. இன்னிக்கு ஆறு மணிக்கு ஒண்ணு."

அவர் திட்டுக்குக் காத்திருந்தார். டாக்டருக்கு அதற்கு நேரமில்லை. பிரஷரை ஏற்றும் மருந்து டிரிப்பில் ஏறியது. நூற்றுப் பன்னிரண்டு. நூற்று இருபது. திரும்ப நூற்றுப் பதினைந்து. மரியலூர்து சுவரோடு ஒட்டி நின்று ஜெபமாலை சொல்லப் பார்த்தார். பாதி மந்திரத்தில் வார்த்தை மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் உயிர் போய் வந்தது.

நூற்று அறுபது.

டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "சுருங்குன குழாயில ரத்தம் ஓடணும்னுதாய்யா பிரஷரை ஏத்தி வெச்சிருந்தேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறேன், பக்கத்துல உக்காந்திருக்க உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

ஜெயமேரியின் விரல்கள் போர்வையைப் பிடித்தன. உதடு அசைந்தது. டாக்டர் குனிந்தார்.

"அவர... திட்டாதீங்கம்மா. நாந்தான்... கேட்டு வாங்கிப் போட்டேன்."

அவள் மாத்திரை கேட்கவே இல்லை. மரியலூர்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதார்.