ஏரியின் ஓரத்தில் பதினொரு புள்ளிகள்

1

பனிமலையை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு செயற்கைக்கோள் படத்தில் கறுப்பாக ஒரு திட்டைப் பார்த்து, "இது ஏரியா?" என்று கேட்டேன். "மலையோட நிழல்" என்று சிரித்தார் காட்டியவர். அசடு வழிந்தேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

2

முதல் வரி: "வானத்திலிருந்து பார்த்தால் மனிதத் துயரங்கள் எல்லாம்..." வேண்டாம். இப்படிப் பேசுகிறவர்களை எனக்கே பிடிக்காது.

அவளைப் படக்காரி என்போம். அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பனி உருகித் தேங்கும் ஏரிகளைச் செயற்கைக்கோள் படங்களில் அளப்பது அவள் வேலை. ஏரி பெருத்துக் கரை உடைந்தால் கீழே இருக்கும் ஊரை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஊரில்தான் அவளுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. (கொஞ்சம் சினிமாத்தனம்தான். அக்காவைத் தூக்கிப் பார்த்தேன், கதை படுத்துவிட்டது.)

3

போன குளிர்காலத்தில் அவளும் மலை நிழலை ஏரியோடு சேர்த்து அளந்துவிட்டாள். அவள் எச்சரிக்கையை நம்பி ஊரே இரண்டு நாள் மேட்டில் உட்கார்ந்துவிட்டு இறங்கியது.

இன்றைய படத்தில் அதே ஏரியின் ஓரத்தில் பதினொரு கறுப்புப் புள்ளிகள் கூடியிருக்கின்றன. ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டர். இந்த முறை வெயில் படும் பக்கம். மலை நிழல் அங்கே விழாது. ஆனால் பக்கத்திலேயே ஒரு மேகம். மேகத்துக்கும் நிழல் உண்டு.

(மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படம் இல்லையா என்பீர்கள். கேட்டிருக்கிறாள். நாளை மறுநாள் வரும்.)

4

"அக்கா, ஏரி பெருசான மாதிரி தெரியுது."

"மாதிரின்னா? தண்ணியா, நிழலா?"

"தெரியலக்கா. நாளை மறுநாள் தெரிஞ்சிடும்."

"போன தடவை மாமியாரைக் கட்டிலோட தூக்கிட்டு ஏறினோம். இன்னும் குத்திக்காட்டுறாங்க. இதுவும் நிழல்னா, அப்புறம் நெஜமாவே வந்தாலும் யாரும் நகர மாட்டாங்கடி. இப்ப என்ன செய்ய, சொல்லு."

படக்காரி படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள், புள்ளிகள்தான் பெரிதாயின.

5

ஒரு முடிவில் வெள்ளம் வந்தது, ஊர் தப்பித்தது, அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அடித்துவிட்டேன். இன்னொன்றில் வெறும் மேக நிழல். அக்கா பேச்சை நிறுத்தி... முடிக்கவில்லை. இரண்டையும் நாளை மறுநாளைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அவளுக்கு அந்த வசதி இல்லை.

மேகத்தை அங்கே வைத்தது நான்தான். இப்போது எடுத்தாலும் பயனில்லை, நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எனவே அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அக்கா ஒரு கையில் போனும், மறு கையில் கட்டில் சட்டமுமாக நிற்கிறாள்.